பாடி வந்தவருக்குப் பெயர்... பிடித்தவருக்கு? கபடியின் ‘சிறந்த டிஃபென்டர்’ விருது எப்படித் தரப்படுகிறது?

திண்டுக்கல் பேகம்பூரில் கபடி பார்ப்பவர்களிடம் “உங்களுக்குப் பிடிச்ச பிளேயர் யாரு?” என்று கேட்டுப் பாருங்கள். பவன் செராவத், பர்தீப் நர்வால், அர்ஜுன் தேஷ்வால் என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லோருமே ரெய்டர்கள். “சரி, பிடிக்கிறதுல யாரு கெட்டிக்காரர்?” என்று அடுத்து கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் நேரமாகும்.

கபடியில் ஒரு நேரத்தில் பாடிப் போகிறவர் ஒருவர்தான். எதிரே நின்று அவரைத் தடுக்கிறவர்கள் ஏழு பேர். ஆனாலும் கைதட்டல், போஸ்டர், டி.வி.யில் ரீப்ளே, ஏலத்தில் பெரிய தொகை எல்லாம் பெரும்பாலும் அந்த ஒருவருக்கே போகிறது. அந்த ஏழு பேரின் வேலைக்கென்று புரோ கபடி லீக்கில் ஆண்டுதோறும் தரப்படுவதுதான் ‘சிறந்த டிஃபென்டர்’ விருது. 2024-ல் நடந்த 11-வது சீசனில் இந்த விருது தமிழ் தலைவாஸ் அணிக்காக ஆடிய நிதேஷ் குமாருக்குக் கிடைத்தது.

இந்த விருதை எதை வைத்துத் தருகிறார்கள்? இதுவரை யார் யார் வாங்கினார்கள்? எந்த வேலை இந்தக் கணக்கில் வராமல் போகிறது? உள்ளூர் மைதானத்தில் பிடித்துப் பழகும் பையனுக்கு இதனால் என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பிடிப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆண்கள் கபடி களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதில் பாதி ஓர் அணிக்கு. ரெய்டருக்கு 30 விநாடி நேரம். அதற்குள் ‘கபடி கபடி’ என்று பாடிக்கொண்டே வந்து, யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும்.

இடது ஓரத்தில் நிற்பவர் லெஃப்ட் கார்னர், வலது ஓரத்தில் நிற்பவர் ரைட் கார்னர். உள்ளே ‘இன்’ இடங்களில் இருவர், அவர்களை அடுத்து கவர் இடங்களில் இருவர், நடுவில் ஒருவர். இரண்டிரண்டு பேராகக் கையைக் கோத்துக்கொண்டு நிற்பதைத்தான் ‘செயின்’ என்கிறார்கள். ரெய்டர் எந்தப் பக்கம் சாய்கிறாரோ அதற்கேற்ப மொத்த வரிசையும் முன்னும் பின்னும் அசையும்.

பிடிகளிலும் வகை உண்டு. கணுக்காலைப் பிடிப்பது ஆங்கிள் ஹோல்டு. தொடையோடு சேர்த்துக் கட்டுவது தை ஹோல்டு. ஓடிவந்து தோளால் இடித்து வெளியே தள்ளுவது டேஷ். திரும்பிப் போகும் வழியில் குறுக்கே நின்று மறிப்பது பிளாக். எந்தப் பிடி எந்த நொடியில் என்பதுதான் வித்தை. அரை நொடி முந்தினால் ரெய்டர் விலகிவிடுவார். அரை நொடி பிந்தினால் கோட்டைத் தொட்டுவிடுவார்.

ரெய்டருக்கு இல்லாத ஒரு சங்கடம் டிஃபென்டருக்கு உண்டு. ரெய்டர் யாரையும் தொடாமல் திரும்பி வந்தால் பெரும்பாலும் நஷ்டம் கிடையாது; அது வெற்று ரெய்டு, அவ்வளவுதான். டிஃபென்டர் கை வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது. பிடி நழுவினால் அவரும் வெளியே, உதவிக்கு வந்து ரெய்டரைத் தொட்டவர்களும் வெளியே. தப்பான நேரத்தில் ஒருவர் பாய்ந்தால் அணி மூன்று பேரை இழந்து நிற்கும். பத்து முறை பாய்ந்து ஐந்து முறை பிடித்தாலே நல்ல டிஃபென்டர் என்று சொல்வது இதனால்தான்.

புள்ளிக் கணக்கில் ஏன் இவ்வளவு இடைவெளி?

ஒரு ரெய்டில் மூன்று பேரைத் தொட்டால் மூன்று புள்ளி. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் இன்னொரு புள்ளி. ஆக, ஒரே மூச்சில் நான்கைந்து புள்ளிகூட எடுக்கலாம். ரெய்டரைப் பிடித்தால் கிடைப்பது ஒரு புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் ‘சூப்பர் டேக்கிள்’ என்று இரண்டு புள்ளி.

இந்த வித்தியாசம் சாதனைப் பட்டியலிலும் தெரியும். 2017-ல் பர்தீப் நர்வால் ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்தார். டிஃபென்டர்களில் ஒரு சீசனில் 100 புள்ளியைத் தொட்ட முதல் ஆள் நிதேஷ் குமார். 2018-19-ல் நடந்த 6-வது சீசனில், உத்தரப் பிரதேச அணியான யு.பி. யோதாவுக்கு ஆடியபோது அவர் அதைச் செய்தார். ஓர் ஆட்டத்தில் ரெய்டர் 10 புள்ளி எடுத்தால் ‘சூப்பர் டென்’. டிஃபென்டர் 5 எடுத்தாலே ‘ஹை ஃபைவ்’. அளவுகோலே வேறு வேறு.

369-ஐயும் 100-ஐயும் பக்கத்தில் வைத்தால் முதலாவது மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். ஆனால், ஒவ்வொரு பிடியும் எதிரணியின் முக்கியமான ஆளை வெளியே உட்கார வைக்கிறது. நல்ல ரெய்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் எதிரணிக்குப் புள்ளி வரும் வழி அடைபடுகிறது. அந்த ‘வராத புள்ளி’ ஸ்கோர்போர்டில் ஏறுவதில்லை.

விருதை யார் வாங்கியிருக்கிறார்கள்?

புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது. தமிழ் தலைவாஸ் அணி சேர்ந்த 2017-லிருந்து 11-வது சீசன் வரை சிறந்த டிஃபென்டர் விருதை வாங்கியவர்களும், அந்த சீசனில் அவர்கள் எடுத்த டேக்கிள் புள்ளிகளும்:

• 5-வது சீசன் (2017): சுரேந்தர் நாடா, ஹரியானா ஸ்டீலர்ஸ் – 80
• 6-வது சீசன் (2018-19): நிதேஷ் குமார், யு.பி. யோதா – 100
• 7-வது சீசன் (2019): ஃபசல் அத்ராசலி, யு மும்பா – 82
• 8-வது சீசன் (2021-22): முகமதுரேசா ஷாத்லூய், பட்னா பைரேட்ஸ் – 89
• 9-வது சீசன் (2022): அங்குஷ், ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ் – 89
• 10-வது சீசன் (2023-24): முகமதுரேசா ஷாத்லூய், புனேரி பல்டன் – 99
• 11-வது சீசன் (2024): நிதேஷ் குமார், தமிழ் தலைவாஸ் – 77

இந்தப் பட்டியலில் கவனிக்க மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, ஈரான். ஏழு விருதுகளில் மூன்று ஈரான் வீரர்களுக்குப் போயிருக்கின்றன. அத்ராசலி 2016-ல் நடந்த 4-வது சீசனிலும் இதே விருதை வாங்கியவர். லீக் வரலாற்றில் 500 டேக்கிள் புள்ளிகளைத் தாண்டிய முதல் வீரரும் அவரே. ஷாத்லூய் 2022-ல் ஒரே ஆட்டத்தில் 16 டேக்கிள் புள்ளிகள் எடுத்து அசத்தினார். 2018 ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணியை அரையிறுதியில் 27-18 என்று ஈரான் தோற்கடித்ததும் பிடி பலத்தால்தான். 1990-ல் ஆசிய விளையாட்டில் கபடி சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் இந்திய ஆண்கள்தான் தங்கம் வென்றுவந்தார்கள். அந்த வரிசை அன்றைக்கு அறுந்தது.

இரண்டாவது, விருதுக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. 11-வது சீசனில் ஷாத்லூய் எடுத்தது 82 டேக்கிள் புள்ளிகள். நிதேஷ் எடுத்தது 77. ஆனால் ரெய்டிலும் கலக்கிய ஷாத்லூய்க்கு ‘மிக மதிப்புமிக்க வீரர்’ என்ற பெரிய விருது போனது. சிறந்த டிஃபென்டர் விருது நிதேஷுக்கு வந்தது. அந்த சீசனில் தமிழ் தலைவாஸ் பிளே-ஆஃப் சுற்றுக்கே போகவில்லை. கூடுதல் ஆட்டம் ஆடும் வாய்ப்பு இல்லாமல், லீக் சுற்றோடு முடிந்த கணக்கு அது.

மூன்றாவதுதான் யோசிக்க வைப்பது. பட்டியலில் இருக்கும் எல்லோருமே கார்னரில் நிற்பவர்கள். நாடா, அத்ராசலி, ஷாத்லூய், அங்குஷ் நான்கு பேரும் லெஃப்ட் கார்னர். நிதேஷ் ரைட் கார்னர். கவரில் நிற்கும் ஒருவர்கூட இல்லை.

கவர் ஆட்டக்காரர் என்ன பாவம் செய்தார்?

இதற்குக் காரணம் புள்ளியை எழுதும் முறையில் இருக்கிறது. ரெய்டர் ஆழமாக உள்ளே வரும்போது முதலில் காலைப் பிடிப்பவர் பெரும்பாலும் கார்னர். அதைப் பார்த்த அடுத்த நொடி கவரில் இருப்பவர் பாய்ந்து வந்து, ரெய்டர் திரும்பும் வழியை அடைக்கிறார். மேலே இரண்டு பேர் விழுந்து அமுக்குகிறார்கள். நடுவர் விசில் ஊதுகிறார். நான்கு பேர் சேர்ந்து செய்த வேலை; புள்ளி ஒருவர் பெயரில் ஏறுகிறது, பெரும்பாலும் பிடியைத் தொடங்கியவர் பெயரில்.

கவர் வந்து மறிக்கவில்லை என்றால் கார்னரின் ஒற்றைக்கைப் பிடியை உதறிவிட்டு ரெய்டர் போயிருப்பார் என்பது ஆட்டம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊர்க் கபடியில் இதை ஒரே வரியில் சொல்வார்கள்: “கால் அவன் புடிச்சான், ஆளை இவன் நிறுத்துனான்.” லீக் விருதுக் கணக்கில் முதல் பாதி மட்டுமே ஏறுகிறது.

9-வது சீசன் இதற்கு நல்ல உதாரணம். கோப்பையை வென்ற ஜெய்ப்பூர் அணியின் கேப்டன் சுனில் குமார், ரைட் கவரில் ஆடுபவர். வரிசையை எப்போது முன்னே நகர்த்துவது, எப்போது பின்வாங்குவது என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய இடம் அது. விருது, அதே அணியின் லெஃப்ட் கார்னர் அங்குஷுக்குப் போனது. அங்குஷ் அதற்கு முழுத் தகுதியுள்ளவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் சுனிலின் வேலையை அளக்க அந்த அளவுகோலிடம் எண் எதுவும் இல்லை. அணி நிர்வாகங்களுக்கு மட்டும் அந்த மதிப்பு தெரிந்திருந்தது. 2024 ஏலத்தில் யு மும்பா அணி சுனிலை 1.015 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அன்றைக்கு ஓர் இந்திய டிஃபென்டருக்குக் கிடைத்த மிகப் பெரிய தொகை அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு கார்னர் மிகவும் ஆபத்தானவர் என்று தெரிந்துவிட்டால் ரெய்டர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். எதிர்ப்பக்கமாகவே சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். ஆக, ஒருவர் பெரிய ஆளாக ஆக, அவர் கைக்கு வரும் வாய்ப்பு குறைகிறது, புள்ளியும் குறைகிறது. அவருக்குப் பயந்து ரெய்டர் 30 விநாடியையும் வீணடித்துவிட்டுப் போனால் அது அவர் கணக்கில் வருவதில்லை.

திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஊர்ப் பெயரோடு ஒட்டிவரும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் வரை அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கடை உடைபட்ட அன்றைக்குத்தான் பூட்டு பேச்சில் வரும். கார்னரில் நிற்பவரின் நிலையும் அப்படித்தான். பிடித்தால் “ரெய்டர் சொதப்பிட்டான்”, விட்டால் “இவன் ஏன்டா விட்டான்?”

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

தடுப்பவர்களுக்குத் தனி விருது என்ற வழக்கத்துக்குப் பெயர்போனது அமெரிக்கன் ஃபுட்பால். அங்கே தாக்குவதற்குத் தனியாக 11 பேர், தடுப்பதற்குத் தனியாக 11 பேர். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் ‘குவார்ட்டர்பேக்’தான் நட்சத்திரம். அவரை மடக்குவதும், அவர் வீசும் பந்தைக் குறுக்கே புகுந்து பறிப்பதும் தடுப்பணியின் வேலை. கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

என்.எஃப்.எல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரரை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1971-லிருந்து தேர்ந்தெடுத்து வருகிறது. புள்ளிப் பட்டியலைப் பார்த்துத் தானாக முடிவாகும் விருது இல்லை இது. ஆட்டத்தைத் தொடர்ந்து பார்க்கும் விளையாட்டுச் செய்தியாளர்களும் வர்ணனையாளர்களும் கொண்ட குழு வாக்களிக்கிறது.

முதல் விருதை வாங்கிய ஆலன் பேஜ், அதே ஆண்டு ஒட்டுமொத்த லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்றார். பிற்காலத்தில் சட்டம் படித்து மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக 20 ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். லாரன்ஸ் டெய்லர் 1986-ல் இரண்டு விருதுகளையும் சேர்த்து வாங்கினார். அதற்குப் பின் அந்தப் பெரிய விருது எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் போகவில்லை. லாரன்ஸ் டெய்லர், ஜே.ஜே. வாட், ஆரன் டொனால்டு மூவரும் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைத் தலா மூன்று முறை வென்றவர்கள்.

எண்ணிக்கைச் சிக்கல் அங்கேயும் உண்டு. குவார்ட்டர்பேக்கை மடக்கிச் சாய்ப்பதை ‘சேக்’ என்பார்கள். இதை வீரர் பெயரில் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1982-ல்தான். அதற்கு முன் ஆடிய பெரிய ஆட்டக்காரர்களின் உழைப்பு அதிகாரபூர்வப் பட்டியலில் இல்லை. எண்ணாத வேலைக்குப் பெயரும் நிற்பதில்லை.

ஆனால் வாக்கெடுப்பு முறைக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. 2024 சீசனில் விருது வாங்கிய பேட்ரிக் சர்டைன் பறித்த பந்துகள் நான்கே நான்கு. எண்ணிக்கையில் அவரைவிடக் கூடுதலாகப் பறித்தவர்கள் இருந்தார்கள். ஆனால், எதிரணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களை அவர் ஒட்டி நின்று முடக்கியதை வாக்களித்தவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். எண்ணில் வராத வேலைக்கு அப்படித்தான் விருது கிடைத்தது.

கால்பந்திலும் இதே நிலைதான். உலகின் சிறந்த வீரருக்கான ‘பலோன் தோர்’ விருதை வென்ற ஒரே கோல்கீப்பர் சோவியத் யூனியனின் லெவ் யாஷின், 1963-ல். கோல் அடிப்பவர் பெயர் உலகத்துக்கே தெரியும். தடுப்பவர் பெயர் ஆட்டம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பணம் யாருக்குப் போகிறது?

டிஃபென்டர்களுக்குக் காசே கிடைப்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. புரோ கபடி ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தொட்ட முதல் வீரரே ஒரு டிஃபென்டர்தான். 2018-ல் ஃபசல் அத்ராசலியை யு மும்பா அந்தத் தொகைக்கு எடுத்தது. ஆனால் அதே ஏலம் முடிவதற்குள் ரெய்டர் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போய் அதைத் தாண்டிவிட்டார். 2023-ல் ரெய்டர் பவன் செராவத்துக்குக் கிடைத்தது 2.605 கோடி. ஷாத்லூய்க்கு 2.35 கோடி. பிடிப்பதோடு ரெய்டும் போவார் என்பது ஷாத்லூயின் கூடுதல் மதிப்பு.

தமிழ் தலைவாஸ் அணியின் கணக்கும் இதே மாதிரிதான். 2024 ஏலத்தில் ரெய்டர் சச்சின் தன்வாரை 2.15 கோடிக்கு வாங்கினார்கள். சீசன் முடிவில் அணிக்கு விருது கொண்டுவந்தவர் டிஃபென்டர்.

2022-ல் நடந்தது இன்னும் சுவாரசியம். அன்றைக்கு லீக் வரலாற்றிலேயே அதிக விலையாக 2.26 கோடி கொடுத்து பவன் செராவத்தை வாங்கியது தமிழ் தலைவாஸ். குஜராத்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே, எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது முழங்காலில் காயம். சீசனே முடிந்தது. “இனி அவ்வளவுதான்” என்றார்கள் ரசிகர்கள். சாகர் ராத்தி தலைமையில் பிடிப்பவர்கள் தாங்கிப் பிடிக்க, இளம் ரெய்டர் நரேந்தர் புள்ளி சேர்க்க, அணி முதல் முறையாக பிளே-ஆஃப் போனது. எலிமினேட்டரில் யு.பி. யோதாவை டை-பிரேக்கரில் வென்றது. அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. 2017-லிருந்து அதுவரை இல்லாத சாதனை அது. கோடி ரூபாய் ரெய்டர் இல்லாமலே அவ்வளவு தூரம் போக முடிந்ததற்கு அந்தக் கார்னர்களும் கவர்களும்தான் முக்கியக் காரணம்.

தமிழ்நாட்டின் பெரிய பிடி வீரர் யார்?

இந்தப் பேச்சில் விடக் கூடாத பெயர் தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், ரைட் கார்னர். சக வீரர்கள் இந்தி பேசினாலும் தெலுங்கு பேசினாலும் அவரை அழைப்பது ‘அண்ணா’ என்றுதான். 2016-ல் பட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அவர்தான் கேப்டன். அப்போது வயது 41. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குக் கேப்டனாக நின்றபோது 44.

25 வயதில் ரெய்டருக்கு வேகம் உச்சத்தில் இருக்கும். பிடிப்பவருக்கு அனுபவம்தான் மூலதனம். எதிரே வருபவரின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் காலில் எடை இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர் நாற்பதைத் தாண்டியும் நிற்கலாம் என்று காட்டியவர் சேரலாதன். புரோ கபடியின் சிறந்த டிஃபென்டர் விருது அவர் கைக்கு வரவில்லை. வயது ஏறியபின் வந்த லீக், கோப்பையைத் தந்தது. அந்த விருதைத் தரவில்லை.

சினிமாவும் பாடிப் போகிறவர் பக்கம்தான். ‘கில்லி’ ஆகட்டும், திண்டுக்கல் மாவட்டக்காரரான சுசீந்திரன் இயக்கி 2009-ல் வந்த ‘வெண்ணிலா கபடி குழு’ ஆகட்டும், கேமரா பின்தொடர்வது பாடிப் போகும் நாயகனைத்தான். பிடிக்கிற ஆளை நாயகனாக்கிய கபடிப் படம் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

உள்ளூர் ஆட்டத்தில் இதன் தாக்கம் என்ன?

திருவிழாவையும் பொங்கலையும் ஒட்டி நடக்கும் ஊர்க் கபடிப் போட்டிகளில் ‘சிறந்த ரெய்டர்’, ‘சிறந்த கேட்சர்’ என்று தனித்தனிப் பரிசு தருவது பழைய வழக்கம்தான். லீக் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து பார்த்து, “அந்த ஓரத்துப் பையன்தான்ப்பா இன்னைக்கு ஆட்டத்தைக் காப்பாத்துனான்” என்று சொன்னால் அவனுக்குத்தான் கோப்பை. அமெரிக்காவில் வாக்கெடுப்பு நடத்திச் செய்வதை இங்கே திண்ணையில் உட்கார்ந்து செய்தார்கள்.

இப்போது வரும் பசங்களில் பலருக்கும் ரெய்டர் ஆகத்தான் ஆசை. போனில் பார்க்கும் வீடியோ முழுக்க ரெய்டு. “மாப்ள, நான் பாடிப் போறேன், நீ கார்னர்ல நில்லு” என்றால், கார்னரில் நிற்கச் சொன்னதையே தண்டனையாக எடுத்துக்கொள்கிறான் அந்தப் பையன். ஆனால் ஓர் அணிக்கு ரெய்டர்கள் இரண்டு மூன்று பேர் போதும். பிடிப்பதற்கு நான்கைந்து பேர் வேண்டும். தேர்வுக்குப் போகும் இடத்தில் ரெய்டர் வரிசை நீளமாகவும், நல்ல கவர் ஆட்டக்காரர் வரிசை குட்டையாகவும் இருந்தால், வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

திண்டுக்கல் மாதிரி ஊரில் இது வெறும் ஆசை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, பிழைப்பு சம்பந்தப்பட்டது. தோல் பதனிடும் தொழிலும் பூட்டுத் தொழிலும் முன்போல் எல்லோருக்கும் வேலை தருவதில்லை. விளையாட்டில் சாதித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம் போன்ற துறைகளிலும் விளையாட்டு வழியாக ஆள் எடுக்கிறார்கள். பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முதலமைச்சர் கோப்பை போட்டிகளிலும் கபடி உண்டு. இந்த இடங்களிலெல்லாம் கேட்பது சான்றிதழ். எந்த அளவில் ஆடினாய், என்ன பரிசு வாங்கினாய் என்பது தாளில் இருக்க வேண்டும். ரெய்டருக்குப் புள்ளி தானாக எழுதப்படுகிறது. பிடிப்பவருக்கு யாராவது எழுதினால்தான் உண்டு.

பெண்களுக்கு நிலைமை இன்னும் பின்தங்கியிருக்கிறது. 2016-ல் மூன்று அணிகளோடு ‘மகளிர் கபடி சேலஞ்ச்’ என்று ஒருமுறை நடத்திப் பார்த்தார்கள். ஆண்கள் லீக் 11 சீசன் தாண்டிவிட்டது. பெண்களுக்கு அதே அளவில் ஒன்று தொடர்ந்து நடக்கவில்லை. லீக்கே இல்லாதபோது சிறந்த டிஃபென்டர் என்று யாரைத் தேர்ந்தெடுப்பது?

என்ன மாற்றினால் நல்லது?

பெரிய செலவில்லாத மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, உதவிக்கு வந்தவரையும் எழுதுவது. கூடைப்பந்தில் பந்து போட்டவர் பெயரோடு, கடைசியாகப் பந்தைக் கொடுத்தவர் பெயரையும் எழுதுகிறார்கள். கபடியிலும் பிடியைத் தொடங்கியவரோடு, வழியை மறித்தவர் பெயரையும் ஸ்கோர் ஷீட்டில் குறித்து, விருதுக்கு அதையும் கணக்கில் எடுத்தால் கவர் ஆட்டக்காரருக்கும் ஓர் எண் கிடைக்கும்.

இரண்டு, எத்தனை பிடி என்பதோடு எத்தனை முயற்சிக்கு எத்தனை பிடி என்பதையும் பார்ப்பது. 20 முறை பாய்ந்து 8 முறை பிடித்தவரும், 10 முறை பாய்ந்து 7 முறை பிடித்தவரும் ஒன்றில்லை. முதலாமவர் 12 முறை தன் அணிக்கு ஆள் குறைத்திருக்கிறார்.

மூன்று, ஊர்ப் போட்டி நடத்துபவர்கள் செய்யக்கூடியது. சிறந்த ரெய்டருக்குத் தரும் அதே தொகையை, அதே அளவு கோப்பையை சிறந்த கேட்சருக்கும் தருவது. சில இடங்களில் ரெய்டருக்குப் பெரிய கோப்பை, கேட்சருக்குச் சின்னது என்று வைக்கிறார்கள். பார்க்கிற பையன் அதை மனதில் எழுதிக்கொள்கிறான். கூடவே, நாள், இடம், ஆட்ட விவரம் போட்டு ஒரு சான்றிதழும் கொடுத்தால் அது பின்னால் ஏதாவது ஒரு மேசையில் உதவும்.

அடுத்த முறை கபடி பார்க்கும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டியதும் அவரை விட்டுவிட்டு, ஐந்து நிமிடம் கவரில் நிற்கும் இருவரை மட்டும் கவனியுங்கள். கை கோப்பதும் விடுவதும், ஓர் அடி முன்னே வந்து இரண்டடி பின்னே போவதும், கார்னருக்குக் கண்ணால் சைகை காட்டுவதும் தெரியும். ரெய்டர் யாரையும் தொடாமல் திரும்பிப் போனால் பெரும்பாலும் ஸ்கோர்போர்டில் எதுவும் மாறாது. அந்த நேரத்தில் ஒரு கைதட்டு தட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் “எதுக்கு?” என்று கேட்பார். சொல்லிக் கொடுங்கள்.